‘யாரிடமும் சொல்லிவிடாதே அம்மா’ என்று மகன் கெஞ்சினால்

வாசகர் கடிதம்:

“தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கிறோம். கணவரின் வேலைக்காகத் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து பல வருடங்கள் ஆகின்றன. மகன் கிரேட் 9 படிக்கிறான். போன வாரம் ஒரு நாள் இரவு சோற்றில் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். துருவித் துருவிக் கேட்டதும், வகுப்புப் பையன் ஒருவன் வாட்ஸ்அப்பில் அனுப்பியதைக் காட்டினான். ‘திங்கட்கிழமை நான் யார் என்று எல்லாருக்கும் தெரியும். நீ மட்டும் லீவு போட்டுவிடு’ என்று இருந்தது. கூடவே ஒரு துப்பாக்கிப் படம். ‘யாரிடமும் சொல்லிவிடாதே அம்மா’ என்று கெஞ்சுகிறான். சொல்ல மாட்டேன் என்று அவனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். மாமனார், எல்லாம் வீடியோ கேம் படுத்தும் பாடு என்கிறார். கணவர் பள்ளியை மாற்றிவிடலாம் என்கிறார். ஊரிலிருந்து அக்கா, ‘அமெரிக்காவில் பள்ளிக்குள் புகுந்து சுடுகிறார்கள், உங்கள் நாட்டில் பள்ளியையே கொளுத்துகிறார்களாமே’ என்று கேட்கிறாள். பள்ளிக்கூடத்தின் மேல் எதற்காக இத்தனை ஆத்திரம்? என் மகனும் அமைதியானவன், துப்பாக்கி கேம் விளையாடுகிறவன். அவனைப் பற்றியும் நான் பயப்பட வேண்டுமா? அந்தப் பையனின் அம்மாவைக் கோயிலில் அடிக்கடி பார்ப்பேன், எந்த முகத்தோடு பேசுவது?”

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதம் வந்த அன்றே தனியாக ஒரு வரி எழுதினேன்: இன்று இரவே பிரின்சிபலைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னீர்கள். பள்ளியும் போலீசும் வார இறுதியிலேயே அந்த வீட்டுக்குப் போய்ப் பேசினார்கள், திங்கட்கிழமை எல்லாப் பிள்ளைகளும் வழக்கம்போல் வீடு திரும்பினார்கள். அந்தப் பையனைப் பற்றி இதற்கு மேல் இங்கே எதுவும் எழுத மாட்டேன், அவனும் 14 வயதுப் பிள்ளை. மற்ற கேள்விகளுக்கு எல்லாரும் படிக்கும்படி பதில் எழுத நீங்கள் சம்மதித்ததற்கு நன்றி. இதே பயத்தோடு எனக்கு எழுதும் பெற்றோர் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

வாக்கு மீறிவிட்டோமே என்று உங்களுக்கு உறுத்துகிறது. மீறத்தான் வேண்டியிருந்தது, ஏன் என்று சொல்கிறேன். அமெரிக்காவில் அதிபரின் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்ளும் சீக்ரெட் சர்வீஸும் கல்வித் துறையும் சேர்ந்து 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டன. 1974 முதல் 2000 வரை நடந்த 37 பள்ளித் தாக்குதல்களையும், அவற்றைச் செய்த 41 பேரையும் ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தார்கள். ஐந்தில் நான்கு சம்பவங்களில், ‘இப்படிச் செய்யப்போகிறேன்’ என்பது முன்கூட்டியே யாரோ ஒருவருக்காவது தெரிந்திருந்தது. தெரிந்தவர்கள் பெரும்பாலும் நண்பன், கூடப் படிப்பவன், தம்பி தங்கை. பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது இரண்டே சம்பவங்களில்தான். யாரைத் தாக்கப்போகிறார்களோ அவர்களை நேரில் மிரட்டியவர்கள் மிகக் குறைவு. ஆக, செய்தி பிள்ளைகளுக்குள்ளேயே சுற்றிக்கொண்டு இருந்திருக்கிறது. டீச்சர் காதுக்கும் அம்மா காதுக்கும் அது வந்து சேரவே இல்லை.

இதே சீக்ரெட் சர்வீஸ் 2021இல் இன்னோர் அறிக்கை வெளியிட்டது. நடப்பதற்கு முன்பே தடுத்து நிறுத்தப்பட்ட 67 சதித்திட்டங்களைப் பற்றியது. அவை வெளியே வந்ததற்கு முக்கியக் காரணம், கேள்விப்பட்ட யாரோ வாயைத் திறந்து சொன்னதுதான். அதிலும் கூடப் படிக்கும் பிள்ளைகளே முன்னால் நிற்கிறார்கள். கேமராவும் கம்பிவேலியும் வாசலில் நிற்கும் செக்யூரிட்டியும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உங்கள் மகன் அன்றைக்கு அந்த போனை உங்களிடம் நீட்டினானே, அதற்கு ஈடாக எதையும் நான் சொல்ல மாட்டேன். இதை அவனிடமே சொல்லுங்கள். ‘நீ சொன்னதால் அந்தப் பையனுக்கும் உதவி கிடைத்தது’ என்று சொல்லுங்கள். கூடவே, ‘சொல்ல மாட்டேன் என்று நான் வாக்குக் கொடுத்திருக்கக் கூடாது, உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் அம்மா யாருக்கும் அப்படி வாக்குத் தர முடியாது’ என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கோபப்படுவான், படட்டும். அந்தக் கோபம் சில நாளில் தணிந்துவிடும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இப்படி ஒரு மெசேஜ் கைக்கு வந்தால் அதைப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அரை மணி நேரத்தில் சாட்ஸ்வொர்த் முழுக்கப் பரவிவிடும், எழுதிய பையனும் உஷாராகிவிடுவான், சம்பந்தமே இல்லாத இன்னொரு பிள்ளையின் பெயர் கெட்டாலும் கெடும். அழிக்காமல் வைத்துக்கொண்டு நேரே பிரின்சிபலிடம் போங்கள். நாள், இடம், ஆயுதம் என்று ஏதாவது குறிப்பிட்டிருந்தால் தயங்காமல் போலீஸின் அவசர எண் 10111ஐக் கூப்பிடுங்கள். அந்த வீட்டுக் கதவைத் தட்டி நீங்களே சண்டைக்குப் போக வேண்டாம்.

சரி, மாமனார் சொன்ன வீடியோ கேம் விஷயம். அவர் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. இரவு இரண்டு மணி வரை விளையாடும் பிள்ளை தூக்கம் கெட்டு, காலையில் எரிந்து விழும். நேரக் கட்டுப்பாடு அவசியம்தான். ஆனால் கொலைக்குக் காரணம் கேம் என்று சொல்ல ஆதாரம் இல்லை. நான் மேலே சொன்ன 2002 ஆய்வில், வன்முறை கேம்களில் ஆர்வம் காட்டியவர்கள் 12 சதவீதம்தான். தாங்களே எழுதிய கதையிலும் கவிதையிலும் நாட்குறிப்பிலும் வன்முறையைக் கொட்டியவர்கள் 37 சதவீதம். ஜப்பானிலும் தென்கொரியாவிலும் பிள்ளைகள் விளையாடுவது இதே கேம்களைத்தான், அங்கே யாரும் பள்ளிக்குத் துப்பாக்கியோடு போவதாக நாம் கேள்விப்படுவதில்லை. 2008இல் நம் நாட்டிலேயே, ஜோகன்னஸ்பர்க்குக்கு மேற்கே க்ரூகர்ஸ்டார்ப்பில், ஒரு மாணவன் முகமூடி போட்டு வாளோடு பள்ளிக்கு வந்து கூடப் படித்தவனைக் கொன்றான், மூன்று பேரைக் காயப்படுத்தினான். உடனே எல்லாரும் அவன் கேட்ட ராக் பாட்டையும் சாத்தான் வழிபாட்டையும் பிடித்துக்கொண்டார்கள். பாட்டையும் கேமையும் திட்டுவது சுலபம். அந்தப் பையனோடு கடைசியாக யார் உட்கார்ந்து பேசினார்கள் என்று கேட்பதுதான் கஷ்டம்.

உங்கள் மகன் அமைதியானவன் என்பதற்காகப் பயப்படாதீர்கள். ‘இப்படிப்பட்ட பிள்ளைதான் செய்வான்’ என்று அடையாளம் காட்டும் பட்டியல் கிடையாது என்பதே அந்த ஆய்வு சொன்ன முக்கியமான முடிவு. நன்றாகப் படித்தவர்களும் அதில் இருந்தார்கள், பெயிலானவர்களும் இருந்தார்கள், நிறைய நண்பர்கள் உள்ளவர்களும் இருந்தார்கள். கலகலப்பாக இருந்த பிள்ளை திடீரென்று அறைக்குள் முடங்கினால், உயிராக நினைத்த பொருளைத் தூக்கிக் கொடுத்தால், ‘இனிமேல் என்னால் யாருக்கும் தொல்லை இருக்காது’ என்பதுபோலப் பேசினால், அதைக் கவனியுங்கள். இயல்பாகவே கொஞ்சம் பேசும் பிள்ளை கொஞ்சமாகவே பேசிக்கொண்டிருப்பதில் ஒன்றும் இல்லை.

இன்னொரு எண் இருக்கிறது, அதை எல்லாப் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அந்த 41 பேரில் 78 சதவீதம் பேர் முன்பே தற்கொலையைப் பற்றி யோசித்தவர்கள் அல்லது முயன்றவர்கள். கிட்டத்தட்ட எல்லாருமே சமீபத்தில் எதையோ இழந்து, அல்லது இழந்துவிட்டதாக நினைத்து, நொறுங்கிப் போயிருந்தவர்கள். முக்கால்வாசிப் பேர் தங்களை மற்றவர்கள் வதைத்ததாக உணர்ந்தவர்கள். ஆனால் மனநல மருத்துவரோ ஆலோசகரோ பார்த்துப் பரிசோதித்தது மூன்றில் ஒருவரைத்தான். ‘எல்லாரையும் பார்த்துக்கொள்கிறேன்’ என்று மிரட்டும் பிள்ளை பல சமயம் ‘நான் சாகப்போகிறேன்’ என்பதையும் சேர்த்தே சொல்கிறது. மிரட்டலுக்குப் பயப்படுகிற நாம் அந்த இரண்டாவது செய்தியைத் தவறவிட்டுவிடுகிறோம்.

உங்கள் அக்கா கேட்டது நல்ல கேள்வி, அதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நாம் கேள்விப்படும் பெரும்பாலான பள்ளித் தாக்குதல்களைச் செய்தவன் அந்தப் பள்ளியிலேயே படிக்கிறவன், அல்லது அங்கே படித்தவன். 1999இல் அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளியில் 12 மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் கொன்ற இருவரும் அங்கேயே படித்தவர்கள். 2002இல் ஜெர்மனியின் எர்ஃபர்ட்டில் 16 பேரைக் கொன்றவன் அந்தப் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டவன். அவர்கள் பெயரை நான் எழுதாததற்குக் காரணம் உண்டு. கொலம்பைனுக்குப் பிறகு அந்த இருவர் முகமும் உலகம் முழுக்கப் போனது, அவர்களைப் பார்த்து அதேபோல் செய்ய நினைத்தவர்கள் பல நாடுகளில் பிடிபட்டார்கள். அவமானத்தில் வெந்துகொண்டிருக்கும் ஒரு பையனுக்கு, ‘இப்படிச் செய்தால் உன்னையும் எல்லாரும் பார்ப்பார்கள்’ என்று ஊடகமே வழி காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஆண்பிள்ளை அழக் கூடாது, அவமானப்பட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற பாடம் வீட்டிலும் தெருவிலும் ஏற்கெனவே கிடைத்திருக்கிறது. அந்த 41 பேரும் ஆண்பிள்ளைகள் என்பதை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை. இதோடு கைக்கெட்டும் தூரத்தில் ஒரு துப்பாக்கியும் சேர்ந்துவிட்டால் போதும். ஸ்காட்லாந்தில் டன்பிளேன் ஊர்ப் பள்ளியில் 1996இல் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் சுடப்பட்டு இறந்தார்கள். அடுத்த வருடமே பிரிட்டன் தனியாரிடம் கைத்துப்பாக்கி இருப்பதைத் தடை செய்தது. அதற்குப் பிறகு அங்கே ஒரு பள்ளியில் அப்படி நடக்கவில்லை.

இங்கே கதை வேறு. தென்னாப்பிரிக்காவில் பள்ளிகளைக் கொளுத்தியவர்கள் பெரும்பாலும் மாணவர்கள் இல்லை, ஊர்க்காரர்கள். 2016இல் லிம்போபோ மாகாணத்தில் வுவானி என்ற பகுதியைப் புதிய நகராட்சியோடு சேர்த்தார்கள். ஊருக்கு அது பிடிக்கவில்லை, கோர்ட்டுக்குப் போனார்கள், வழக்கு தள்ளுபடியானது. அடுத்த சில நாட்களில் 20க்கும் மேற்பட்ட பள்ளிகள் எரிந்தன. நகராட்சி எல்லைக்கும் பள்ளிக்கும் என்ன சம்பந்தம்? ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் சாலையும் தண்ணீரும் ஆஸ்பத்திரியும் சரியாக வந்து சேராத ஊரில், அரசாங்கம் என்று கண்ணால் பார்க்கக் கிடைப்பது அந்தப் பள்ளிக் கட்டடம்தான். மனுக் கொடுத்தால் யாரும் வருவதில்லை, பள்ளி எரிந்தால் அமைச்சரே வருகிறார். மனித உரிமை ஆணையம் அந்த ஆண்டு இதற்காகவே விசாரணை நடத்தியது, போராட்டங்களால் பிள்ளைகளின் கல்வி உரிமை எப்படிப் பறிபோகிறது என்று. நான் அந்தச் செயலை நியாயப்படுத்தவில்லை. எரிந்தது அந்த ஊர்ப் பிள்ளைகளின் புத்தகமும் மேசையும், பரீட்சைக்கு அலைந்ததும் அதே பிள்ளைகள். ஆனாலும் ‘காட்டுமிராண்டிகள்’ என்று ஒரு வார்த்தையில் முடித்துக்கொள்ளும் பேச்சை நம் வீடுகளில் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஏனென்றால் இதற்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. கரும்புத் தோட்டத்துக்கு 1860 முதல் வந்து இறங்கிய நம் முன்னோர்களின் பிள்ளைகளுக்கு அரசாங்கம் வேண்டிய அளவு பள்ளி கட்டித் தரவில்லை. பெற்றோர் காசு சேர்த்து, கல் சுமந்து, செலவில் ஒரு பங்கைத் தாங்களே ஏற்றுக்கொண்டு நட்டால் முழுக்கப் பள்ளிகளை எழுப்பினார்கள். டர்பனில் 1929இல் திறந்த சாஸ்திரி கல்லூரியும் இந்தியர்கள் திரட்டிய பணத்தில் வந்ததுதான், இந்திய அரசின் பிரதிநிதியாக இங்கே வந்த, வலங்கைமானில் பிறந்த ஸ்ரீநிவாச சாஸ்திரி அதற்காக உழைத்தார். ‘இது எங்கள் தாத்தா கட்டிய பள்ளி’ என்று இங்கே இன்றும் சொல்லக் கேட்கலாம். கறுப்பின மக்களுக்கோ, மிஷனரிகளும் ஊர்களும் வளர்த்த பள்ளிகளைக்கூட 1953ஆம் வருடத்துப் பாண்டு கல்விச் சட்டம் அரசாங்கத்தின் கைக்குள் கொண்டுபோனது, கூலி வேலைக்கு மேல் கனவு காண வேண்டாம் என்று சொல்லிக்கொடுக்கும் இடமாகப் பள்ளியை மாற்றியது. 1976 ஜூன் 16 அன்று, ஜோகன்னஸ்பர்க் பக்கத்துச் சொவெட்டோவில் கறுப்பினப் பிள்ளைகள் இந்தக் கல்வியை எதிர்த்துத் தெருவுக்கு வந்தார்கள். போலீஸ் அவர்களைச் சுட்டது. அதன் பிறகு ஆத்திரம் பள்ளிக் கட்டடங்கள் மேலும் திரும்பியது. தன்னுடையது என்ற உணர்வை ஒரு சமூகத்திடமிருந்து பிடுங்கிவிட்டு, அந்தக் கட்டடத்தை அது காப்பாற்ற வேண்டும் என்று எதிர்பார்ப்பது எப்படி?

தனிப் பையன் துப்பாக்கி தூக்குவதும் ஊரே நெருப்பு வைப்பதும் ஒன்றல்ல. ஆனால் ‘எங்கள் பேச்சை யாரும் கேட்கவில்லை, இனி கேட்க வைக்கிறோம்’ என்ற குரல் இரண்டிலும் எனக்குக் கேட்கிறது. எல்லாருடைய பிள்ளையும் இருக்கும் இடம் பள்ளி. அங்கே கை வைத்தால் எல்லாருக்கும் வலிக்கும் என்று இருவருக்கும் தெரிந்திருக்கிறது.

உங்கள் மகனின் வயதைக் கணக்குப் போட்டால், 2021 ஜூலையில் அவன் ஆரம்பப் பள்ளியில் இருந்திருப்பான். அந்தக் கலவர நாட்கள் உங்களுக்கு மறந்திருக்காது. கடைகள் சூறையாடப்பட்டன, நம் மாகாணமான க்வாசுலு நட்டாலில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகள் சேதமாயின. நம் தெருமுனைகளில் டயரையும் கல்லையும் குறுக்கே போட்டுக்கொண்டு, நாம் ‘அங்கிள்’ என்று கூப்பிடுகிறவர்களே துப்பாக்கியும் தடியுமாக இரவெல்லாம் நின்றார்கள். டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் மட்டும் 36 பேர் கொல்லப்பட்டார்கள். நாடு முழுக்க 350 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரியவர்கள் நாம் அதைப் பற்றி ஒருவருக்கொருவர் வாதாடினோம். பிள்ளைகளிடம் ‘நீ என்ன பார்த்தாய், உனக்கு எப்படி இருந்தது’ என்று கேட்ட வீடுகள் எத்தனை? பயம் வந்தால் துப்பாக்கியை எடு என்பதை அந்தப் பிள்ளைகள் எந்த கேமிலும் கற்றுக்கொள்ளவில்லை, ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். அதனால்தான் அந்த மெசேஜில் இருந்த துப்பாக்கிப் படம் எனக்குப் பெரிய ஆச்சரியம் தரவில்லை. இப்போதாவது கேளுங்கள். காரில் போகும்போது கேட்டால் சுலபமாக இருக்கும், முகம் பார்க்காமல் பேசலாம்.

துப்பாக்கி என்றதும் இன்னொன்று. திருட்டுப் பயத்தால் வீட்டில் லைசன்ஸ் துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள் நம் பகுதியில் உண்டு. சட்டப்படி அது அங்கீகரிக்கப்பட்ட பெட்டகத்தில் பூட்டி இருக்க வேண்டும். பீரோவில் புடவைக்கு அடியிலோ கட்டில் மெத்தைக்குக் கீழேயோ இருக்கக் கூடாது. 2002 ஆய்வில் மூன்றில் இரண்டு பேர் துப்பாக்கியை எடுத்தது சொந்த வீட்டிலிருந்து, இல்லையென்றால் உறவினர் வீட்டிலிருந்து. 2023இல் செர்பியாவின் பெல்கிரேடில் 13 வயதுப் பையன் பள்ளிக்குக் கொண்டுபோனதும் அப்பாவின் துப்பாக்கியைத்தான். உங்கள் வீட்டில் இல்லாவிட்டாலும், மகன் போய்த் தங்கும் மாமா வீட்டில், நண்பன் வீட்டில் இருக்கிறதா, சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். கேட்பதற்குக் கூச்சமாக இருக்கும். கேளுங்கள்.

நம் வீட்டுப் பழக்கம் ஒன்றையும் சொல்லாமல் விட முடியாது. 1996ஆம் வருடப் பள்ளிச் சட்டம் பள்ளியில் அடிப்பதைத் தடை செய்தது. ஆனாலும் ‘அடியாத மாடு படியாது’ என்று ஆசிரியரிடமே சொல்லிவிட்டு வரும் அப்பாக்கள் இருக்கிறார்கள். அடியைவிட மோசமானது, சொந்தக்காரர்கள் முன்னால் மார்க்கைச் சொல்லி மானத்தை வாங்குவது, ‘அந்த வீட்டுப் பையனைப் பார்’ என்று தினமும் ஒப்பிடுவது. பள்ளியிலும் கேலி, வீட்டிலும் கேலி என்றால் அந்தப் பிள்ளை போய் நிற்க இடம் ஏது? 2012இல் இங்கே நடத்திய தேசிய ஆய்வில், உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளில் ஐந்தில் ஒருவருக்கு மேல், ஒரே ஆண்டில் பள்ளியில் மிரட்டல், அடிதடி, வழிப்பறி, பாலியல் தாக்குதல் என ஏதோ ஒன்றை அனுபவித்ததாகச் சொன்னார்கள். பள்ளியில் இப்படி அடிபட்டு வரும் பிள்ளையை வீட்டிலாவது தலைநிமிர விட வேண்டும்.

அந்தப் பையனை உடனே பள்ளியை விட்டுத் துரத்த வேண்டும் என்று சில பெற்றோர் கையெழுத்து வாங்குவதாகப் பிறகு எனக்கு எழுதினீர்கள். நீங்கள் போடாதீர்கள் என்பது என் கருத்து. பள்ளி நிர்வாகக் குழு முன்னெச்சரிக்கையாக ஏழு பள்ளி நாட்கள் வரை நிறுத்தி வைக்கலாம், அதற்கு மேல் பள்ளியை விட்டே நீக்கும் அதிகாரம் மாகாணக் கல்வித் துறைத் தலைவருக்குத்தான். கிரேட் 9 வரை கட்டாயக் கல்வி, ஆகவே நீக்கினாலும் அவனுக்கு வேறு இடம் ஏற்பாடு செய்தாக வேண்டும். விசாரணை முறையாக நடக்கட்டும், உங்கள் மகனின் பாதுகாப்புக்கு என்ன ஏற்பாடு என்று எழுத்தில் கேளுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் யாரும் கவனிக்காத இடத்துக்கு அவனைத் தள்ளிவிட்டால் ஆபத்து குறையாது. எர்ஃபர்ட்டில் நடந்ததை மேலே சொன்னேன். வெளியேற்றிய பிறகு அவன் நாள் முழுக்க எங்கே போகிறான் என்றுகூட வீட்டுக்குத் தெரியாமல் இருந்தது. ஆலோசகர், வாராவாரம் பேசும் ஓர் ஆசிரியர், வீட்டில் துப்பாக்கி இல்லை என்ற உறுதி, இவற்றோடு அவன் கண்ணெதிரே இருப்பதுதான் உங்கள் மகனுக்கும் பாதுகாப்பு.

அவன் அம்மாவிடம் எப்போதும்போலப் பேசுங்கள். நடந்ததைப் பற்றி நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம். தகவல் சொன்னது நீங்கள் என்று தெரிய வந்து அவர் கேட்டால், மறுக்காதீர்கள். ‘என் மகனுக்காக மட்டும் இல்லை, உங்கள் மகனுக்காகவும்தான் சொன்னேன்’ என்று சொல்லுங்கள், அது உண்மைதானே. அவர் கோபப்பட்டுத் திரும்பிக்கொண்டாலும், அடுத்த முறை நீங்களே முதலில் வணக்கம் சொல்லுங்கள். கோயில் வாசலில் எல்லாரும் விலகி நின்றால் அந்தக் குடும்பம் வெளியே வருவதையே நிறுத்திவிடும்.

கடைசியாகப் பள்ளியை மாற்றுவது பற்றி. உங்கள் கணவரின் பதற்றம் எனக்குப் புரிகிறது, ஆனால் இந்த முடிவை மகனைக் கேட்காமல் எடுக்காதீர்கள். இப்போதே மாற்றினால், உண்மையைச் சொன்னதற்குத் தண்டனை என்றுதான் அவன் எடுத்துக்கொள்வான். அடுத்து ஒரு விஷயத்தை உங்களிடம் சொல்லத் தயங்குவான். எப்படியும் கிரேட் 10க்குப் பாடம் தேர்ந்தெடுக்கும் நேரம் வருகிறது, அப்போது மூன்று பேரும் உட்கார்ந்து பேசுங்கள். அதற்குள் யாராவது அவனை மிரட்டினால், ‘போட்டுக்கொடுத்தவன்’ என்று கேலி செய்தால், உடனே பள்ளிக்கு எழுத்தில் கொடுங்கள். உங்களிடம் சொல்ல முடியாத எதுவும் இருந்தால் பிள்ளைகளுக்கான உதவி அமைப்பான சைல்ட்லைனை 116இல் இலவசமாகக் கூப்பிடலாம் என்று அவன் போனில் அந்த எண்ணைப் பதிந்து கொடுங்கள்.